நீ நம்பி உட்கார்ந்த கயிறு

இன்று காலை விடுதிக் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. கூடவே கைதட்டலும் கேட்டது. குளிக்கத் தண்ணீர் இறைக்கிறவன் எதற்குக் கைதட்டப் போகிறான்? காலில் செருப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஓடினேன். நாம் படித்த அதே விடுதிக்குக் காப்பாளனாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்தச் சத்தம் வந்துவிடக் கூடாது என்றுதான் தினமும் விடியும். முதல் வருஷத்துப் பையன் ஒருவனைக் கிணற்றுச் சுவரில் உட்காரவைத்து இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் மூத்தவர்கள் விலகிக்கொண்டார்கள். நல்லவேளை, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டியது யார் என்று கேட்டேன். இன்னொரு முதல் வருஷத்துக்காரன் முன்னே வந்தான். "நான்தான் சார். அண்ணேமாருக கட்டச் சொன்னாங்க" என்றான். விஷக்காய்ச்சலில் நீ செத்துப்போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நாம் சேர்ந்தபோது இதற்கு 'நனைப்பு' என்று பெயர். புதிதாக வந்தவனைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீரில் முக்கித் தூக்கினால்தான் அவன் விடுதிக்காரன். ஆடி மாதம் முழுக்க, இன்று யாருடைய முறையோ என்று சோறு தொண்டையில் இறங்காது. நானாவது விளாங்குடிக்கு மேற்கே வயல்காட்டில் வளர்ந்தவன், நீச்சல் தெரியும். நீயோ தறிக்காரர் தெருவில் பிறந்து, வீட்டில் படிக்க இடமில்லாமல் விடுதிக்கு வந்தவன். வைகையில்கூட முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

முதல் நாள் என் முறை முடிந்திருந்தது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, செத்தோம் என்றே நினைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னைச் சுவரில் உட்காரவைத்தார்கள். "நீ வெவசாயம் பாக்குற சம்சாரி வீட்டுப் பயதானே, கயித்தக் கட்டு. இல்லேன்னா உனக்கு இன்னொரு நனைப்பு" என்றான் ஒரு மூத்தவன். எங்கள் வீட்டு நார்க்கயிறு சொரசொரப்பாக இருக்கும். ஒரு சுற்றுப் போட்டு முடிச்சிட்டால் பிடித்துக்கொள்ளும். இது வழவழப்பான புது நூல்கயிறு. இரண்டு சுற்று வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், சீக்கிரம் சீக்கிரம் என்று அவர்கள் அதட்டியதில் பழகிய கை ஒரு சுற்றோடு முடித்துவிட்டது. இன்னொரு சுற்றுப் போடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாதிக் கிணற்றில் முடிச்சு உருவிக்கொண்டது. நீ படிக்கல்லில் மோதித் தண்ணீரில் விழுந்தாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதித்தது விடுதிச் சமையற்காரர்.

மறுநாள் முதல்வர் எங்களை வரிசையாக நிற்கவைத்து விசாரித்தார். அறையில் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன் நான். என்ன துணிச்சலான பொய்! பிறகு உன் கட்டிலருகே வந்தார். உன் வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. மூன்று மூத்தவர்களின் பெயரையும் நீ ஒளிக்காமல் சொன்னாய். கயிறு கட்டியது யார் என்று கேட்டார். தண்ணீர்க் கூஜாவோடு நான் பக்கத்திலேயே நின்றேன்.

"கண்ண மூடிட்டேங்கய்யா. தெரியல" என்றாய்.

மூன்று பேரையும் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். காட்டிக்கொடுத்தவன் என்று யாரும் உன் பக்கத்தில் சாப்பிட உட்காரவில்லை. நானும்தான். உன் அம்மா தூக்குச்சட்டியோடு வந்து எனக்குப் புரியாத உங்கள் வீட்டு மொழியில் பேசும்போதெல்லாம், ஒவ்வொரு சொல்லும் என்னைப் பற்றித்தானோ என்று வேர்த்துக் கொட்டும். போகும்போது எனக்கும் ஒரு கவளம் வைத்துவிட்டுப் போவார். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

கட்டுப் பிரித்த அன்று நீயே பேச்செடுத்தாய். "கட்டுறது நீன்னு தெரிஞ்சுதான் மாப்ள பயமில்லாம உக்காந்திருந்தேன்." உன் குரலில் கோபமே இல்லை. நான் ஏதோ வேலை இருக்கிறவன்போல எழுந்து போய்விட்டேன். வலக்கை பழையபடி வரவில்லை; இடக்கையால் எழுதப் பழகித் தேறினாய். பிற்பாடு அந்தக் கோணல் எழுத்தில் எத்தனை கடிதம் போட்டாய்! ஏன் ஒரு சுற்றோடு விட்டாய் என்று ஒன்றிலும் நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் விதிகளை எழுதித் தரும்படி இப்போதைய முதல்வர் கேட்டிருக்கிறார். இறக்கச் சொன்னவனுக்கு நீக்கம், கைதட்டியவனுக்கு ஒரு வாரம் விலக்கு என்று எழுதிவிட்டேன். கட்டியவனுக்கு என்ன என்ற இடத்தில் பேனா ஓடவில்லை. அந்தப் பையன் வராந்தாவில் நிற்கிறான். கேட்டவுடன் முன்னே வந்தானே. நான் இத்தனை வருஷமாக வரவில்லை.

விதித்தாளின் அடியில் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அந்த வருஷம் கயிறு கட்டியது நான் என்று அதில் ஒரு வரி. வேலை போகலாம். அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு முதல்வரிடம் போகிறேன். முதலில் நான் சொல்கிறேன்; அதுவரை அவன் வாய் திறக்க வேண்டாம்.