பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

3, திங்கள்
கூலாயில் காலை முதல் தூறல். பிரஷர் மாத்திரை போட்டாயிற்று.

ர. கூப்பிட்டான். தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் இறங்கும் குழாயை எனக்குக் காட்டிய தொழிலாளி. நேற்று பண்டார் தெங்காராவில், அவன் வீட்டருகே தேநீர்க் கடையில் சந்தித்தோம். இன்று சூப்பர்வைசர் அவனிடம்: “ஒரு நிருபர் உங்க ஊருல தே தாரிக் குடிச்சாராமே. யாரு கூடடா?”

“நான் வாயத் திறக்கல அண்ணே. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. வேலை போனா அவ்வளவுதான்.”

நானும் சொல்லவில்லை. மிச்சம் என் போன்.

4, செவ்வாய்
அலுவலகம். கணினிப் பிரிவு கவிதா போனைக் கேபிளில் மடிக்கணினியோடு இணைத்தாள். வைஃபை நிறுத்தம், மொபைல் டேட்டா மட்டும். ஒரு கட்டளை தட்டினாள். போன் வெளியே எதனோடு இணைந்தாலும் கறுப்புத் திரையில் ஒரு வரி.

“வாட்ச்மேன் மாதிரி சார். யாரு போறான், வர்றான்னு எழுதும். என்ன பேசினான்னு எழுதாது.”

11.00 வானிலை
11.04 வாட்ஸாப்
11.15 தெரியாத ஒன்று
11.30 அதே
11.45 அதே

கவிதா அந்த இணைப்பின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துச் சிரித்தாள். “அலமாக்! குடும்ப ஆப் லா இது. பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை நீங்க எங்க இருக்கீங்கன்னு வீட்டுக்குக் காட்டும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5, புதன்
மனைவி சரசுவிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

“நான்தான் போட்டேன். பைபாஸ் பண்ணின மனுஷன் எங்கயாச்சும் மயங்கி விழுந்தா, எங்க போய்த் தேடுறது?”

வேறு யாருக்குத் தெரியும்?

“தங்கச்சிக்கிட்ட சொன்னேன். உன் மாமா செம்பனைத் தோட்டத்துக்குள்ள, பண்டார் தெங்காராவுல தே குடிச்சிக்கிட்டு இருக்காருன்னு. அதுல என்னங்க?”

தங்கை கணவர், என் சகலை, அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். செய்தி பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் சந்தேகப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. முப்பது வருட அனுபவம்!

ஆப்பை எடுக்கச் சொன்னேன். “முடியாதுங்க.” காரணம் சொன்னால் ர.வைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நாளை போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

6, வியாழன்
செடெனாக். கொளுத்தும் வெயில். போன் வீட்டில், சாப்பாட்டு மேசையில், சார்ஜில். வைத்ததை இருமுறை பார்த்துவிட்டுத்தான் அவசரமாகக் கிளம்பினேன். சரசு வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மணிக்கு ர. காரில் ஏறினான். படங்கள் பதினொன்று, தேதியோடு.

“போன் கொண்டு வரலையே அண்ணே?”

“இல்லப்பா.”

அரை மணிக்கும் மேல் பேசினான். ஒவ்வொரு வரியையும் திரும்பக் கேட்டுக் குறித்தேன். 3.40க்குப் பின்சீட்டில் மணி அடித்தது. சாப்பாட்டுப் பைக்குள், பிரிக்காத சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில் என் போன். சரசு.

“போனை மறந்துட்டுப் போறீங்களேன்னு பையில வச்சேன். மாத்திரை போட்டீங்களா? செடெனாக்ல யாருங்க? இப்பத்தான் தங்கச்சியும் கேட்டா.”

ர. கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

3.00. 3.15. 3.30.