சிலுவை போட்ட பைல்

கொட்டாஞ்சேனை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் றஷ்மி,

மர்ஸூக் நானாவின் ஓடர் கையைவிட்டுப் போகப் பார்த்தது, வெள்ளிக்கிழமை பின்னேரம் நேரில் போய்த்தான் பிடித்து வந்தேன். நானும் அம்மாவும் சுகம், உன்னையும் மருமகனையும் அந்தக் குளிரில் மாதா சுகமாக வைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. அம்மாவின் முழங்கால் வலி குறைவு, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாள் இல்லை.

பொரளையில் நானாவின் சமையல் கூடத்துக்கு வருஷம் முழுக்கச் செத்தல் மிளகாயும் சரக்குச் சாமானும் கொடுக்க விலை கேட்டிருந்தார்கள். நான் விலைப்பத்திரத்தை ஈமெயிலில் அனுப்பினேன். பைலின் பெயரில் வழக்கம்போல முதலில் ஒரு சிலுவை, பிறகு தமிழில் கடைப்பெயர். பில் புத்தகத்தில் சிலுவை போடாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை, கொம்பியூட்டருக்கு மட்டும் ஏன் விடவேண்டும். பதில் வரவில்லை, போன் எடுத்தாலும் நானா சரியாகக் கதைக்கவில்லை. நேரில் போனால், "விலை அனுப்பாம சும்மா இருந்துட்டு இப்ப வாறீங்க நாயகம், நாங்க வேற ஆளுக்குக் குடுக்கப் போறோம்" என்றார். அனுப்பியதைப் போனில் காட்டினேன். அவருடைய மகன் அப்ஹாம் தேடிப் பார்த்தால் ஈமெயில் வந்திருக்கிறது, ஆனால் பைலின் பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள், பீடிஎப் என்ற வாலும் இல்லை. வைரஸ் என்று நினைத்து ஒபிஸில் வேலை செய்யும் பர்ஸானா திறக்காமல் விட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், குறி இல்லாத மூட்டையை நானும் கடைக்குள் இறக்க மாட்டேன்.

எனக்குச் சுட்டது வேறு. நானாவின் ஒபிஸில் பாவிக்கும் அந்த ஈமெயில் புரோகிராம் உன் கொம்பனியினுடையது, நீ சொல்லித்தான் அப்ஹாம் அதைப் போட்டான். தன் தகப்பனுக்கு முன்னால் அவன் அதைச் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. நேற்றுப் போனில் நீ விளக்கினாய், பழைய ஈமெயிலுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும், மற்ற எழுத்துப் பெயரைப் பொதி கட்டித்தான் அனுப்ப வேண்டும், கட்டுவதற்கு இரண்டு முறை உண்டு, என் பக்கம் ஒரு முறையில் கட்டியதை உங்களுடையது அவிழ்க்கத் தெரியாமல் நின்றுவிட்டது என்று. ஓம், விளங்குகிறது. ஆனால் பெயரை இங்கிலீஷில் போடுங்கோ அப்பா என்று முடித்தாயே, அது வியாபாரம் இல்லை மகள். ஹெந்தளை லொறிக்காரன் வாசிக்கச் சிங்களத்திலும் நம்முடைய ஆள் வாசிக்கத் தமிழிலும் நான் மூட்டைக்கு இரண்டு பக்கமும் குறி போடுகிறேன், அவர்களைப் போய்ப் படித்துவிட்டு வா என்று சொல்வதில்லை. நீங்களும் அனுப்பும்போது இரண்டு முறையிலும் கட்டுங்கள், எந்த முறையில் வந்தாலும் அவிழுங்கள், ஒன்றும் விளங்காவிட்டால் அந்த வாலையாவது வெட்டாமல் விடுங்கள். இதை உன் மனேஜரிடம் சொல்லக் கூச்சப்படாதே, தகப்பனின் ஓடர் போகப் பார்த்தது என்றே சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்குப் போன் எடுக்க மறக்காதே, நீ எடுக்காத கிழமைக்கு என்னிடம்தான் சண்டை. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

நானாவோடு பேசி முடித்தது, ஒரு வருஷத்துக்கு நான் கேட்ட விலை, செவ்வாய்தோறும் சரக்கு, பைலின் பெயர் இங்கிலீஷில். உன்னோடு நான் பேசி முடிப்பது, அப்ஹாமின் கொம்பியூட்டரில் என் சிலுவை தெரிகிற நாள்வரைதான் அந்த இங்கிலீஷ்.

இப்படிக்கு
உன் அப்பா
கிறிஸ்ரி சவுந்தரநாயகம்