நான் கை கொடுக்காத முதலாளி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் உடம்பும் அம்மாவின் முட்டிவலியும் எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

அண்டை நாடுகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் எங்கள் மின்நிலையத்தைப் பார்க்க, மின்சாரம் கேட்டிருக்கும் ஆலைக்காரர்கள் போன வாரம் வந்தார்கள். உங்கள் பழைய மில் முதலாளியும் வந்திருந்தார். சுற்றிக்காட்டியது நான்தான். "நம்ம ஊர்ப் பையனா? சந்தோஷம்பா" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"உங்க மெஷின்ல விரல் போனவரை, குடிச்சிட்டு வந்தான்னு பொய் சொல்லி வெளியே தள்ளினீங்களே, அவர் மகன் சார்" என்றேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் தலைமைப் பொறியாளர் ஒரு பெண்மணி, பக்கத்து நாட்டுக்காரர். ஒப்பந்தப்படி மில்லில் பாதுகாப்புச் சோதனை முடியாமல் மின் இணைப்பு இல்லை, சோதனை அந்த மெஷினிலிருந்தே தொடங்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். என் வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை அப்பா. சோதனைக்குப் போகும் குழுவில் கெஞ்சிக் கேட்டு இடம் வாங்கியிருக்கிறேன்.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது. நான் வரும் அன்று மில் வாசலுக்கு நீங்களும் வரவேண்டும், கையைச் சட்டைப்பையில் மறைக்காமல்.

உங்கள் மகன்