வண்டி ஓடுதா, சிஸ்டர்?

ஜூன் 9

நர்சிங் கல்லூரியிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. வெள்ளைச் சீருடை மூன்று, கறுப்பு ஷூ, தலைக்கு வலை, நொடிமுள் உள்ள கைக்கடிகாரம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டுமாம். அப்பா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வேனைக் கிளப்பும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பாரே, அதே முகம். பிறகு தன் கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார். பள்ளிப் பிள்ளைகளை இருபது வருடம் நேரம் தவறாமல் ஏற்றி இறக்கிய கடிகாரம். அப்போ உங்களுக்கு? என்றேன். பசித்தால் மணி தெரிந்துவிடும் என்றார்.

ஜூன் 10

நாடி பார்த்துப் பழகுகிறேன். கிளினிக்கில் மூன்று வருடமாக டோக்கன் கொடுக்கிறேன், டாக்டர் கையைப் பிடிப்பதைத் தினமும் பார்க்கிறேன், இதுகூடவா தெரியாது? அப்பாவின் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தினேன். உடனே கிடைத்துவிட்டது. துள்ளுகிறது.

"வண்டி ஓடுதா, சிஸ்டர்?"

"ஓடுதுப்பா."

அப்பா 76.

ஜூன் 11

அப்பா 74.

ஜூன் 14

அப்பா 78. அம்மா கையைத் தர மாட்டேன் என்கிறாள். சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடித்த கையாம், அதில் ஒன்றும் தட்டாதாம். அவளோடு யார் மல்லுக்கட்டுவது.

ஜூன் 19

நாளைக்கு எனக்கு உடல்தகுதிச் சோதனை. எடை குறைவு என்று தள்ளிவிட்டால்? காலையிலிருந்து கிளினிக் எடைக்கருவியில் நாலு தடவை ஏறி இறங்கிவிட்டேன். அப்பா 102! சோதனை எனக்கா, உங்களுக்கா என்று கேட்டேன். நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன் என்கிறார். பொய். வாய் மறைத்தாலும் கை காட்டிக்கொடுக்கிறதே.

ஜூன் 20

தேறிவிட்டேன். அப்பா 80. வேனில் வரும் வாண்டுகளிடமெல்லாம் சொல்லிவிட்டாராம். ஒன்று கேட்டதாம், அந்த அக்கா ஊசி போடுவாங்களா, அப்போ நான் நாளையிலிருந்து வரலை என்று.

ஜூலை 2

அப்பா மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டார். நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கை பார்த்தேன். 76. எல்லாம் சரியாக இருக்கிறது, வாயுதான் என்றேன். வெந்நீர் குடித்தார். டாக்டரம்மா சொன்னால் சரி என்று சிரித்தார்.

ஜூலை 16

எழுதாமல் இருந்தால் நடக்காததாகிவிடுமா? ஆகாது. எழுதுகிறேன்.

ஜூலை 5. சனிக்கிழமை. காலை பத்தரை. அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். என் ஷூ. புது ஷூவுக்கு எதற்குப் பாலிஷ் என்று சமையலறையிலிருந்து சொன்னேன். பதில் வரவில்லை. வந்து பார்த்தால் சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கிறார். பிரஷ் கையிலேயே இருக்கிறது.

அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் மூச்சு இருக்கிறதா, அசைவு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையைப் பிடித்தேன். கட்டைவிரலுக்கடியில் தடதடவென்று ஓடியது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு நன்றாக.

"ஓடுதும்மா. நல்லா ஓடுது. பயப்படாதே."

அம்மா அதையே போனில் சொன்னாள். நாடி இல்லை என்றிருந்தால் நெஞ்சை அழுத்தச் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லை, நாங்கள்தான் நாடி ஓடுகிறது என்றோமே. பதினொரு நிமிடம். அப்பாவின் கடிகாரத்தில்தான் பார்த்தேன். பதினொரு நிமிடமும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுது ஓடுது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வந்த நர்ஸ் என் வயதுதான் இருப்பாள். அப்பா கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். பிறகு என் கட்டைவிரலை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"இது உன்னோட நாடிம்மா."

ஜூலை 17

கட்டைவிரலிலேயே ஒரு துடிப்பு இருக்கிறதாம். அதை வைத்துப் பார்த்தால் அடுத்தவர் நாடிக்குப் பதில் நம் நாடியே தட்டுமாம். முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவார்களாம். முதல் வகுப்பிலேயே.

பின்னால் புரட்டிப் பார்த்தேன். 76, 74, 78. நான், நான், நான். அந்த 102 — பொய் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறேனே. பாவி. அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 2 பக்கத்தைப் படிக்க முடியவில்லை.

ஜூலை 21

கிளினிக்குக்குப் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உன்மேல் தப்பில்லை என்பார் என்று நினைத்துத்தான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரிய அடைப்பு, சனிக்கிழமை யார் இருந்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார். மாடிப்படியில் நின்றுவிட்டாரே, அன்று? அன்றே கூட்டிவந்திருக்கலாம் என்றார். அதற்கு மேல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

ஜூலை 27

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒரே பாட்டு. கடைசிவரைக்கும் நாடி இருந்தது, மகள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் காத்திருந்தார். அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் நான் எப்படிப் பிடுங்குவது? ஒவ்வொரு தடவையும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

ஆகஸ்ட் 2

கல்லூரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். சொந்தக் காரணங்களால் சேர இயலவில்லை. ஒரே வரி. திங்கட்கிழமை போடவேண்டும். ஷூவைப் பெட்டியோடு பரணில் ஏற்றினேன். ஒரு ஷூ பளபளக்கிறது. இன்னொன்று பாதிதான்.

ஆகஸ்ட் 3

இன்று சொல்லிவிட்டேன்.

அம்மா என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம்மா, நான் போகவில்லை என்றேன். கடிதத்தைக் காட்டினேன். ஏன் என்றாள். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அம்மா, அன்னைக்கு அப்பாவுக்கு நாடி இல்லைம்மா, ஓடினது என்னோடது, நான்தான் தப்பா —

"தெரியும்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு உன் விரலை எடுத்துவிட்டப்போ நான் பின்னாடிதானே நின்னேன். காதுல விழுந்துச்சு."

அப்புறம் ஏன் வருகிறவர்களிடமெல்லாம் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தியே. உனக்காகத்தான் சொன்னேன்."

நான் அவளுக்காக மறைத்தேன். அவள் எனக்காக. ஒரே வீட்டில் ஒரு மாதம்! அம்மாவும் அழுதாள். கோபமும் இருக்கிறது அவளுக்கு. ஏன்டி, அன்னைக்கு வாயுன்னு சொன்னே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சீருடையின் மறுபக்கத்தைத் திருப்பிப்போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

"போய் எந்த விரல்னு கத்துக்கிட்டு வா. அப்புறம் எனக்குப் பாரு."

ஆகஸ்ட் 4

கடிதத்தைப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 18

முதல் நாள். ஷூ இரண்டும் ஒரே மாதிரி இல்லை. மிச்சத்துக்கு நான் பாலிஷ் போடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

மதியம் நாடி வகுப்பு. கட்டைவிரலை ஏன் வைக்கக் கூடாது என்று டீச்சர் கேட்டார். எழுந்து சொன்னேன். சபாஷ், எங்கே படித்தாய் என்றார். வீட்டில் என்றேன்.

சாயங்காலம் வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை. அம்மா மேஜைமேல் கையை நீட்டிவிட்டாள். உள்ளங்கையில் இஸ்திரிச் சூட்டுத் தழும்புகள். இரண்டு விரல்களை வைத்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. என் நெஞ்சுதான் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விரலைக் கொஞ்சம் நகர்த்தினேன். வந்தது. என்னுடையதைப்போல் இல்லை, நிதானமாக. அப்பாவின் கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ணினேன்.

அம்மா 68.