மெழுகு விரல்

நண்பனுக்கு,

சனிக்கிழமை நம் அலுவலக ஆண்டுவிழா நாடகத்துக்கு மெழுகு விரல் தயாரா என்று கேட்டிருந்தாய். இல்லை. இந்த வருடம் நான் செய்யவில்லை.

வேடனைப் பிறப்பைச் சொல்லி விரட்டிய ஆசானே பிறகு அவனிடம் கட்டைவிரலைக் காணிக்கை கேட்கும் அந்த இதிகாசக் காட்சியில், இருபத்திரண்டு வருடமாக நீதான் ஆசான், நான்தான் வேடன். சிவப்புச் சாயம் நிரப்பிய விரலை நானே வார்த்து, நானே வெட்டி, உன் காலடியில் வைப்பேன். அலுவலகமே உனக்குக் கைதட்டும். ஒருமுறை இளவரசன் வேடம் கேட்டேன். "உன்னைப் போய் இளவரசன்னா எவன்டா நம்புவான்? வீட்ல கண்ணாடி இல்லையா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு மாதமாக என் வலது கட்டைவிரல் மரத்துப் போகிறது. நரம்பில் கோளாறு இல்லையென்று மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா, "இதுவரைக்கும் எத்தனை தடவை வெட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை வருவேன். வேடனாகவே வருவேன், அதில் எனக்கு வெட்கமில்லை. நீ வழக்கம்போல விரலைக் கேள். "தர முடியாது" என்பேன். அதற்கு மேல் ஆசானுக்கு யாரும் வசனம் எழுதி வைக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் நின்று நீயே யோசித்துச் சொல். எனக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
பத்து விரலும் உள்ளவன்