ஓடைக்கரை லூபின்

ஜூன் 28
மழை. நாளை ஓடைக்கரைக் கணக்கெடுப்பு. தோட்டத்து லூபின் பூச்செடி என்றால், காட்டில் பரவிவிடாமல் விதை முற்றுமுன் பிடுங்க வேண்டும். மலைக்கே உரிய காட்டு லூபின் என்றால் விட்டுவிடலாம். வனத்துறையில் சேர்ந்தபோது நியாயமாகத்தான் பட்டது இந்த விதி.

அந்தக் கரையில்தான் லார்ஸ் அண்ணன் மேல் மரம் சாய்ந்தது. மறு வசந்தத்தில் அம்மா அங்கே லூபின் விதை தூவினாள். மரம் வெட்டப் போய்த் திரும்பாதவர்களுக்கு இங்கே அப்படிச் செய்வதுண்டு. மூன்று வருடமாகிறது. கடைப் பொட்டலம். மேலே ‘காட்டுப்பூ’ என்று போட்டிருந்தது. அந்தப் பெயரில் விற்பதெல்லாம் தோட்டத்து இனம்தான்.

“என் பூவைப் புடுங்கத்தான் உன்னைப் படிக்க வச்சேனாடீ?” என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே.

ஜூன் 29
கரை முழுக்க நீலம். என்னோடு வந்த ஹோல்டன் மண்வெட்டியில் சாய்ந்து நின்றான். “சீக்கிரம் சொல்லு தாயி. நனையறதுக்கா எனக்குச் சம்பளம்?” பிறகு, மெதுவாக: “நான் வேணா பாக்கட்டுமா?”

வேண்டாம் என்றேன்.

இலைக்கு ஏழெட்டு விரல்கள், அகலமாக. தோட்டத்து இனத்தில் விரல்கள் ஒல்லியாக, எண்ணிக்கையில் இரு மடங்கு இருக்கும். இது மட்டும் போதாது. பூவைப் பிரித்து, படகு போன்ற உள்ளிதழை லென்ஸில் பிடித்தேன். விளிம்பில் பூனைமயிர். தோட்டத்துப் பூவில் அது வழவழவென்றிருக்கும். இன்னொரு பூ. இன்னொன்று.

காட்டு லூபின். எல்லாமே.

“பொழச்சுது,” என்றான் ஹோல்டன்.

மண்ணை விலக்கினேன். கட்டை போல் தடித்த வேர். மூன்று வருடத்துச் செடி இல்லை. அம்மா தூவியதில் ஒன்றுகூட —

ஜூன் 30
சொல்லத்தான் வேண்டுமா?

ஜூலை 2
பிடுங்கவில்லை என்றேன் அம்மாவிடம். “நான்தான் சொன்னேன்ல, காட்டுப்பூன்னு.” சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பார்த்துவிட்டாள்.

“என்னடீ?”

“அது பழைய செடிம்மா. முன்னாடியே இருந்தது.”

“அப்போ நான் போட்டது?”

“வரல.”

“ஒண்ணுமேவா?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“பொட்டலத்துல படம் நல்லாருந்துச்சு,” என்றாள்.

ஜூலை 9
அம்மாவே கேட்டாள், கூட்டிப் போனேன். பூக்களைத் தொடவில்லை.

“அவன் விழுந்தப்ப இது பூத்திருந்துச்சா?”

அக்டோபர் அது. பூ ஏது? இலைகூடப் பனியில் கருகியிருக்கும்.

“வேர் இருந்ததும்மா.”

கையுறையைக் கழற்றி, ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். மழை வலுத்த பிறகும் எடுக்கவில்லை.