றஊப் மாமாவின் கதிரை

14 மே 2025, புதன்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. வெள்ளலை உதைபந்தாட்டக் கழகக் கந்தோரைத் திறந்தால் மேசை முழுக்க மணல். துடைத்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினால் மறுபடியும் மணல்.

கொமிற்றியின் முடிவை ரைப் பண்ணிப் பலகையில் ஒட்டினேன். சீசன் ரிக்கற் ஆயிரத்து ஐந்நூறில் இருந்து நாலாயிரம். காரணங்களையும் எழுதினேன்: யாழ்ப்பாணம் போய்வர பஸ், புல்லுக்குத் தண்ணீர், ஆட்டத்தன்று அம்புலன்ஸ். எல்லாம் உண்மை. தலைவர் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் மூவாயிரம் என்றுதான் தொடங்கினார். காணாது, நாலாயிரம் என்றால்தான் பருவம் முடியும் என்று சொன்னது நான். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

16 மே, வெள்ளி

பெருமை இரண்டு நாள் நின்றது.

மேரிசெல்வி அக்கா மீன் விற்றுவிட்டு வெறுங் கடகத்தோடு நேரே கந்தோருக்குள் வந்தா. "நாலாயிரமோ? ஏன், பந்தைத் தங்கத்திலயோ செய்யப் போறியள்?" என்றா. பதில் சொல்ல வாய் திறந்தேன். "நீ கதையாத றொசானா. உன்ர கையெழுத்துத்தானே கீழ கிடக்கு" என்றா. கடகத்தை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டா. பிறகு அதை எடுக்க வரவேண்டியிருந்தது, அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

பாப்பாமோட்டையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற இராமலிங்கம் ஐயா பலகையை இரண்டு தரம் வாசித்தார். "பாதி ஆட்டம் மட்டும் பாக்கிறதுக்குப் பாதி ரிக்கற் இருக்காம்மா?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய காலத்திலேயே மலைநாட்டில் இருந்து வந்து, கூலிக்கு வயல் செய்து, பதினொரு வருடமாக ஒரு ஆட்டமும் விடாத மனுசன். நான் ஏன் சிரித்தேன்?

17 மே, சனி

கொழும்பில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்து, ரிக்கற்றில் சீற் நம்பர் என்ன என்று கேட்டான். வெள்ளலையில் நம்பர் இல்லை என்றேன். இங்கே ரிக்கற் ஆளுக்கு அல்ல, கதிரைக்கு. பருவம் தொடங்கச் சில கிழமைக்கு முன்பே ஒவ்வொருவரும் வீட்டில் இருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து, பெயர் எழுதி, தங்கள் இடத்தில் போடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் காற்று தூக்காமல் ஒரு வரிசைக் கதிரைகளையெல்லாம் ஒரே கயிற்றில் கோர்த்துக் கட்டிவிடுவோம். பருவம் முடியும்வரை கதிரை அங்கேதான் இருக்கும். "அப்ப உங்கட கதிரை எங்க இருக்கு, மிஸ்?" என்றான் அவன்.

எனக்குக் கதிரை இல்லை. நான் வாசலில் ரிக்கற் மேசையில் இருப்பவள். உடை மாற்றும் அறையின் சுவர் மைதானம் முழுவதையும் மறைக்கும். பன்னிரண்டு வருடம் வேலை, ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. சொன்னால் நம்பமாட்டான் என்று சொல்லவில்லை.

18 மே, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அப்பா பலகையை வாசித்தார்.

அப்பா ஒவ்வொரு வருடமும் இரண்டு ரிக்கற் எடுப்பார். ஒன்று தனக்கு, மற்றது றஊப் மாமாவுக்கு. இளவயதில் இந்தக் கழகத்துக்கு ஆடும்போது அமிர்தநாயகம், அதுதான் அப்பா, வலது பக்கம், றஊப் இடது பக்கம், இரண்டு பேரையும் பிடிக்க மன்னாரில் ஆள் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். தொண்ணூறில் போருக்குள் முஸ்லிம் சனம் முழுக்க மன்னார்த் தீவை விட்டுப் போகவேண்டி வந்தபோது மாமா குடும்பத்தைக் கடற்கரைவரை கொண்டுபோய்ப் படகில் ஏற்றிவிட்டது அப்பாதான். மாமா புத்தளத்திலேயே நின்றுவிட்டார். போர் முடிந்து 2012இல் மைதானம் திறந்தபோது அப்பா இரண்டு நீலக் கதிரை வாங்கினார். ஒன்றில் தன் பெயர், மற்றதில் றஊப். மாமா அதில் இருந்தது ஒரே ஒரு நாள், 2016இல். மற்ற நாளெல்லாம் அது வெறுங் கதிரை. யாரும் அதில் இருக்க அப்பா விடமாட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ரிக்கற்றை வருடாவருடம் எழுதுவதே நான்தான். ஆனால் நாலாயிரம் என்று சொன்ன அன்று எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

அப்பா கத்தவில்லை. "ஒண்டுதான் எடுக்கலாம். எதை விடுறது பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். நான் கட்டுகிறேன் அப்பா என்றேன். "உன்ர கொமிற்றி வில வைக்கும், நீ காசு கட்டுவியோ?" என்றார். பிறகு கதையே இல்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். சோறு போட்டேன், சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

25 மே, ஞாயிறு

இன்று கதிரைகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பூசை முடிந்த கையோடு வந்தார்கள். யாரும் திட்டவில்லை. கயிற்றை அவிழ்த்தார்கள், அவரவர் தங்கள் பெயரைத் தேடி எடுத்தார்கள். தலையில், சைக்கிள் கரியரில், லாண்ட்மாஸ்டர் உழவுமெசின் பெட்டியில் என்று கோயில் வீதி முழுக்கக் கதிரை. அப்பா இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு என் மேசையைக் கடந்து போனார். மேசையில் பேனை இருக்கிறதா என்று நான் தேடினேன். கையில்தான் இருந்தது.

ஒரே ஒரு பச்சைக் கதிரை மட்டும் மிச்சம். இராமலிங்கம் ஐயாவுடையது. "ரெண்டு பஸ்ஸுல இத ஏத்த மாட்டாங்கம்மா. இங்கயே இருக்கட்டும். நான் மட்டும் வெளிய போறேன்" என்றார்.

1 ஜூன், ஞாயிறு

முதல் ஆட்டம். நாலாயிரம் கட்டி, புதிதாகக் கதிரை போட்டு உள்ளே வந்தது முப்பது பேர்.

மற்றவர்கள் மைதானத்தின் கடல்பக்க மதிலுக்கு வெளியே மணலில் கதிரைகளைப் போட்டு, மதிலுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்படியே தொண்ணூறு நிமிடமும். ஆனால் காதைத் திருப்பி வைக்க முடியுமா? உள்ளே எங்கள் பெடியன் பந்தை எடுத்து ஓடினால் வெளியே சத்தம் ஏறும். கோல் விழுந்ததும் உள்ளே முப்பது பேர் கை தட்டினார்கள். வெளியே ஒரு நொடி அமைதி. பிறகு மதிலே இடிந்துபோகும் சத்தம். கோல் அடித்தவன் உள்ளே இருந்தவர்களை விட்டுவிட்டு மதிலைப் பார்த்து ஓடினானாம்.

பச்சைக் கதிரையைக் காற்று மைதானத்துக்குள் உருட்டிக்கொண்டு போனதாம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினாராம்.

5 ஜூன், வியாழன்

அப்பா இன்னும் கதைக்கவில்லை. றஊப் மாமாவின் கதிரை அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் மேல் துணி போடப் போனேன், போடவில்லை.

7 ஜூன், சனி

ஹஜ்ஜுப் பெருநாள். பெருநாளுக்கு அப்பா மாமாவுக்குப் போன் எடுப்பார், எங்கள் நத்தாருக்கு மாமா அப்பாவுக்கு. முப்பத்தைந்து வருடத்தில் போன் இல்லாத வருடங்களை விட்டால் இது தப்பியதில்லை.

நான் குசினியில் நின்றேன். வாழ்த்து, சுகம், பிள்ளைகள், பிரியாணி. பிறகு அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "மச்சான், இந்தமுறை கிறவுண்டில உனக்குக் கதிரை இல்லையடா. குறை நினைக்காத" என்றார். போனை என் கையில் தந்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

"எந்தக் கதிர மகள்? வாப்பா என்ன சொல்றாரு?" என்று மாமா கேட்டார். அப்போதுதான் விளங்கியது, அவருக்கு எதுவுமே தெரியாது! 2016இல் வந்தபோது பெயர் எழுதியிருந்ததைத் தன் வருகைக்காக எழுதியது என்று நினைத்திருக்கிறார். நான் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் ரிக்கற் எடுப்பதை, யாரையும் இருக்க விடாததை, விலையைக் கூட்டியது நான் என்பதையும். கடைசியைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன வெட்கம், பெருநாள் அன்று ஒரு மனுசனுக்கு...

"பதிமூணு வருசமா?" என்றார் மாமா. போன் அறுந்ததா, அவர் வைத்தாரா தெரியவில்லை.

15 ஜூன், ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். வெளியே இன்னும் கூட ஆட்கள். பாதி ஆட்டத்தில் மேசையைப் பூட்டிவிட்டு நானும் மதிலுக்கு வெளியே போனேன். போனால் அடிப்பார்களா என்ன?

மேரிசெல்வி அக்கா என்னைக் கண்டுவிட்டு மறுபக்கம் திரும்பினா. இரண்டாம் பாதி தொடங்கியது. உள்ளே ஒரு சத்தம் எழுந்து அமர்ந்தது. "என்னடா நடந்தது, கோலோ?" என்று அக்கா தன்பாட்டில் கேட்டா. "இல்லையக்கா, கம்பத்தில பட்டது" என்றேன். இன்னொரு சத்தம். "இது கோணர் கிக்." மூன்றாவதுக்கு, "எங்கட கோலி பிடிச்சிட்டான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் மதிலில் ஏறிக் கேட்டுவிட்டு வந்து, மூன்றும் சரி என்றான். சுவருக்குப் பின்னால் பன்னிரண்டு வருடம் இருந்தால் காதே கண்ணாகிவிடும். அதைச் சொன்னேன். ஆட்டம் பார்த்ததே இல்லை என்பதையும் சொன்னேன்.

அப்பா கடலைப் பார்த்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில், "இப்ப என்ன?" என்று கேட்டார். இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு! "அவங்கட பக்கம் பிறீ கிக், அப்பா" என்றேன். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு அது போதும்.

முடிந்த பிறகு யாரும் எழும்பவில்லை. கொன்ஸ்ரன்ரைன் அண்ணரும் வந்து மணலில் குந்தினார். பஸ்சுக்கும் அம்புலன்சுக்கும் உள்ளதை ஒளிக்காமல் சொன்னார். மேரிசெல்வி அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கோயில் திருநாளுக்கு ஒரு நாள் பாட்டை அப்பிடியே குடுக்கிறம். பந்துக்கும் ஒரு நாள் குடுத்தா அந்தோனியார் கோவிப்பாரே?" என்றா. யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் பிடிக்கிற மீன் முழுவதும் கழகத்துக்கு, ரிக்கற் இரண்டாயிரம். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் மூன்று நாள் இருந்து போட்ட கணக்கில் இப்படி ஒரு வரி இல்லை. கணக்கில் எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது.

21 ஜூன், சனி

கழகத்தின் பாடு. வடக்குக் கரையில் பத்தொன்பது படகு. காற்று கொஞ்சம் இரங்கியது. அறக்குளாவும் சூடையும் நண்டும் பெட்டி பெட்டியாய்.

இராமலிங்கம் ஐயா முதல் பஸ்ஸில் வந்து நின்றார். "எனக்குப் படகு இல்லம்மா. முதுகு இருக்கு" என்றார். மத்தியானம்வரை ஐஸ் பெட்டி சுமந்தார். மேரிசெல்வி அக்கா லொறிக்காரனோடு சண்டை பிடித்து விலையை ஏற்றினா. போன மாதம் அந்த வாயில் நான் அகப்பட்டதை நினைத்துக்கொண்டேன். கடவுளே, அந்த வாய்க்கு நன்றி.

பருவத்துக்குப் போதும். மிச்சமும் உண்டு.

23 ஜூன், திங்கள்

அப்பா கந்தோருக்கு வந்தார். நாலாயிரம் ரூபாயை மேசையில் வைத்தார். "ரெண்டு எழுது" என்றார். எழுதினேன். றஊப் என்பது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

29 ஜூன், ஞாயிறு, இராயப்பர் சின்னப்பர் திருநாள்

கதிரைகள் எல்லாம் திரும்பி வந்தன. அதற்கு முன் காலையில் நடந்ததை எழுதவேண்டும்.

ஒன்பது மணிக்கு மைதானக் கேற்றில் ஒரு ஓட்டோ நின்றது. பின்னால் ஒரு புது வெள்ளைக் கதிரை கட்டியிருந்தது. இறங்கியது றஊப் மாமா. புத்தளத்தில் இருந்து மதவாச்சி சுற்றி, பஸ் கூரையில் அந்தக் கதிரையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! "எனக்குக் கதிர இல்லேண்டு சொன்னானே, அதான் நானே கொண்டு வந்துட்டேன். இடம் மட்டும் தாங்க மகள்" என்றார். விலை இறங்கியதையும் ரிக்கற் எடுத்ததையும் அப்பா அவருக்குச் சொல்லவே இல்லை. மாமா திடீரென்று வந்தால் தெரியட்டும் என்று இருந்தாராம். எப்போது வருவார் என்று நினைத்தாரோ!

அப்பா நீலக் கதிரையின் மணலைத் தன் சாரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடிக்கவில்லை, ஒன்றுமில்லை. "பிந்தி வாறாய்" என்றார் அப்பா. "பஸ் பிந்திட்டு" என்றார் மாமா. அவ்வளவுதான். மாமா கதிரையில் இருந்த தன் பெயரை விரலால் தடவினார். மூன்று நிறப் பெயின்ற் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது, மங்க மங்க அப்பா மேலே எழுதியது. மாமா முகத்தை லேஞ்சியால் துடைத்தார். காற்று, மணல் என்றார்.

பின்னேரம் ஆட்டத்துக்கு நான் வழமைபோல மேசையைத் திறந்தேன். கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் வந்து, "எழும்பு பிள்ளை, இண்டைக்கு நான் இருக்கிறன்" என்றார். விளங்காமல் பார்த்தேன். அப்பா பின்னால் நின்றார். இரண்டாயிரத்தை அண்ணரிடம் கொடுத்து, "றொசானா எண்டு எழுதுங்கோ" என்றார்.

வெள்ளைக் கதிரை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போட்டிருந்தது.

ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம். ஆட்டத்து வெயிலில் புல் இவ்வளவு பச்சை என்று எனக்குத் தெரியாது. கோணரில் பந்து வளைந்து வருவதும், கோலி விழுந்தால் புழுதி எழும்புவதும் தெரியாது. இதையெல்லாம் சத்தத்தில் இருந்து எடுக்க முடியாது. நான் எத்தனை தரம் எழும்பிக் கத்தினேன் என்று மேரிசெல்வி அக்கா எண்ணி வைத்திருக்கிறா. அப்பா, மாமா, அக்கா, ஐயா, அந்த இரண்டு பஸ், எல்லாவற்றுக்கும் நன்றி. வேறென்ன எழுத?

முடிந்ததும் அப்பா கயிற்றை எடுத்தார். பச்சை, நீலம், வெள்ளை, நீலம் என்று கோர்த்துக்கொண்டே வந்து, வெள்ளையில் நிறுத்தி, "இதில பேர் இல்லையே" என்றார். வீட்டில் பெயின்ற் மிச்சம் இருக்கிறது என்றேன்.